பில்சனில் கூழை மூன்று தடவை பிரித்தெடுத்துக் கொதிக்கவைக்கிறார்களே, எதற்கு?

கோவைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக மூன்று மாதம் செக் நாட்டில் பில்சன் நகரத்தில் இருக்கிறேன். இந்த ஊருக்கு வந்துவிட்டு பீர் ஆலையைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் சிரிப்பார்கள் என்று சக ஊழியர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பில்ஸ்னர் உர்க்வெல் ஆலைதான். நான் பம்ப் தொழில் ஆள். எந்த இடத்துக்குப் போனாலும் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்றுதான் கண் போகும். அங்கேயும் அப்படித்தான் பார்த்தேன், பார்த்ததில் ஒன்று உறுத்துகிறது.

மால்ட்டையும், அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லியையும், தண்ணீரையும் கலந்து ஒரு பெரிய செப்புப் பாத்திரத்தில் கூழ் மாதிரி வைக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை இன்னொரு பாத்திரத்துக்கு அனுப்பி, அடியில் தீ எரித்துக் கொதிக்கவைத்து, மறுபடி பழைய பாத்திரத்திலேயே கொண்டுவந்து கலக்கிறார்கள். இப்படி மூன்று தடவை. ஒரே பாத்திரத்தைச் சுற்றி நீராவி விட்டால் தேவையான சூடு தானாக வந்துவிடுமே? பம்ப், எரிவாயு, நேரம் எல்லாம் எதற்கு வீணாக வேண்டும்?

இரண்டாவது சந்தேகம். மால்ட்டில் இருக்கும் என்சைம்தான் மாவைச் சர்க்கரையாக மாற்றுகிறது என்று சுற்றிக் காட்டிய பெண் சொன்னார். கொதிக்கவைத்தால் என்சைம் செத்துவிடாதா?

மூன்றாவது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா பார்லிக் கஞ்சி வைப்பார். இங்கேயும் பார்லி, அங்கேயும் பார்லி. அம்மாவின் கஞ்சி ஒரு நாளும் இனித்ததில்லையே?

கடைசியாக, இங்கே பீரை 10, 12 என்று எண் சொல்லித்தான் கேட்கிறார்கள். நான் 12 வாங்கிவிட்டு, பன்னிரண்டு சதவீத ஆல்கஹாலா என்று பயந்து பாதியிலேயே வைத்துவிட்டேன்.

இன்னொன்று, பாதாள அறையில் மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீர் ஒரு கோப்பை கொடுத்தார்கள். லேசாகக் கலங்கியிருந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் மர வாசனை துளியும் இல்லை. அது ஏன் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

சும்மா வந்தேன்:

முதல் கேள்விக்கு விடை, விளம்பரம். செப்புப் பாத்திரம், அடியில் நெருப்பு, மூன்று தடவை மாற்றி ஊற்றல். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டாமா?

மால்ட்டுக்காரி:

விளம்பரமும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விஷயம் விளம்பரத்துக்கு முந்தையது.

நான் ஜெர்மனியில் பாம்பெர்க் பக்கம் ஒரு மால்ட் ஆலையின் ஆய்வகத்தில் 11 வருடமாக இருக்கிறேன். பீர் என்றாலே எல்லோரும் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டையும், கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப்ஸ் பூவையும் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கோவைக்காரன் தம்பி கேட்ட மூன்று கேள்விக்கும் விடை பீர் ஆலையில் இல்லை, மால்ட் ஆலையில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

அம்மாவின் பார்லியிலிருந்து தொடங்குவோம். கடையில் கிடைப்பது உமியும் தவிடும் போகத் தீட்டிய பார்லி. முளைவிடாதது, தீட்டிய பிறகு முளைவிடவும் முடியாதது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அதை எத்தனை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் கெட்டியாகுமே தவிர இனிக்காது. வெட்டுகிற கத்தரிக்கோல், அதாவது என்சைம், அதில் போதிய அளவு இல்லை. விதை முளைக்கும்போதுதான் குருத்துக்குச் சாப்பாடு வேண்டும் என்று அந்தக் கத்தரிக்கோல்களை அது தயார் செய்கிறது.

இது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, காயவைத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி கொடுக்கிறோம். முளைகட்டிய மாவில் செய்த கஞ்சி நீர்த்து, லேசாக இனிக்கும். முளைகட்டாத மாவில் செய்தது களியாக நிற்கும். ராகி மால்ட் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதே, அந்த மால்ட்டும் இந்த மால்ட்டும் ஒரே வேலைதான்.

எங்கள் ஆலையில் பார்லியை ஏறக்குறைய இரண்டு நாள் ஊறவைப்போம். தொடர்ந்து தண்ணீரிலேயே போட்டால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் நடுநடுவே தண்ணீரை வடித்துக் காற்று விடுவோம். தானியத்தின் எடையில் 45 சதவீதம் வரை ஈரம் ஏறியதும் பரப்பி வைப்போம். சுமார் 15 டிகிரி, நாலிலிருந்து ஆறு நாள். முளைக்கிற தானியம் தானே சூடாகும், கிளறாவிட்டால் வேர்கள் பின்னிக்கொண்டு பாய் மாதிரி ஆகிவிடும். பாயைப் பிரித்தெடுத்த அனுபவம் ஒரு தடவை எனக்கு உண்டு, இரண்டாம் தடவை வேண்டாம்.

தினமும் காலையில் என் வேலை, ஒரு கைப்பிடி எடுத்து பிளேடால் நெடுக்காக வெட்டிப் பார்ப்பது. உமிக்கு அடியில் குருத்து மேல்நோக்கி ஊர்ந்து போவது தெரியும். தானியத்தின் முக்கால் நீளம் வந்துவிட்டால் நிறுத்த வேண்டிய நேரம். உமியைத் தாண்டி வெளியே தலைநீட்டியதை இங்கே 'ஹுஸார்' என்று கிண்டலாகச் சொல்வார்கள், குதிரைப்படை வீரன் என்று அர்த்தம். ஹுஸார் நிறைய இருந்தால் குருத்தே சர்க்கரையைத் தின்றுவிட்டது என்று கணக்கு. இன்னொரு சோதனை, வெட்டிய தானியத்தின் உள்ளீட்டை விரலிடுக்கில் தேய்ப்பது. சாக்பீஸ் மாதிரி பூசினால் சரி. நறநறவென்றால் இன்னும் ஆகவில்லை.

அப்புறம் உலர்த்தல். முதலில் மிதமான சூட்டில் ஈரத்தை விரட்டிவிட்டு, கடைசியில் 80, 85 டிகிரி வரை ஏற்றுவோம். 'அந்தச் சூட்டில் என்சைம் சாகாதா?' என்று கேட்பீர்கள். ஈரத்தோடு அந்தச் சூடு பட்டால் செத்துவிடும். காய்ந்தபின் பட்டால் பெரும்பகுதி தாங்கிக்கொள்ளும். இந்த வரிசை மாறினால் ஒரு லாரி மால்ட் மாட்டுக்குத்தான்.

இப்போது கொதிக்கவைக்கும் கதை. பழைய நாளில் மால்ட் சீராக இருக்காது. ஒரே குவியலில் பாதி சாக்பீஸ், பாதி நறநற. நறநறவென்று இருப்பதைக் கொதிக்கவைத்தால்தான் அதற்குள் அடைந்து கிடக்கும் மாவு வெளியே வரும். இது ஒரு காரணம். அடுத்தது எனக்குப் பிடித்த காரணம். வெப்பமானி இல்லாத ஆள் எந்தச் சூட்டை உறுதியாக அறிவான்? கொதிக்கிற சூடு ஒன்றைத்தான். அது கண்ணுக்கே தெரியும். ஆகவே மூன்றில் ஒரு பங்கை அளந்து எடுத்து, கொதிக்கவிட்டு, திருப்பி ஊற்றினால், என்றைக்குக் காய்ச்சினாலும் மொத்தக் கூழும் ஏறக்குறைய அதே சூட்டுக்கு ஏறும். தொடக்கம் 37 டிகிரி என்றால் அடுத்து 52, அடுத்து 63 பக்கம், அடுத்து 73 பக்கம். பாத்திரத்தின் அளவே வெப்பமானி.

63 பக்கத்தில் வேலை செய்யும் என்சைம் மாவுச் சங்கிலியின் நுனியிலிருந்து கத்தரித்து, ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையைத் தருகிறது. 72 பக்கத்தில் வேலை செய்வது நடுவே கண்ட இடத்தில் வெட்டி, ஈஸ்ட்டுக்கு எட்டாத பெரிய துண்டுகளையும் விட்டுவைக்கிறது. பீர் வாயில் தண்ணீராக இல்லாமல் கொஞ்சம் கனமாக நிற்பது இந்தத் துண்டுகளால்.

என்சைம் செத்துவிடாதா என்றீர்களே. கொதிக்கப் போனதில் இருந்தது செத்துத்தான் போகிறது. ஆனால் முதலிலேயே என்சைம் பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து மேலே தெளிந்து நிற்கும். ஆலைக்காரர் அடியிலிருந்து கெட்டியான கூழை எடுக்கிறார், தெளிவை விட்டுவைக்கிறார். கெட்டி கொதித்து, மாவு கட்டவிழ்ந்து திரும்பி வரும்போது, உயிரோடு காத்திருக்கும் என்சைம் அதைத் தின்கிறது.

பில்சனுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் பவேரியாவின் ஃபில்ஸ்ஹோஃபன் ஊர்க்காரர், யோசஃப் கிரோல். 1838இல் கெட்டுப்போன பீர்ப் பீப்பாய்களை நகரமன்றத்துக்கு எதிரே உடைத்துக் கொட்டினார்கள் என்று பில்சனில் கதை சொல்வார்கள், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அதன் பிறகுதான் ஊரார் சேர்ந்து புது ஆலை கட்டி, கிரோலை அழைத்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று முதல் தடவை காய்ச்சினார். அவர் காலத்தில் வெப்பமானி இருந்தது. ஆனால் பவேரியாவில் கற்ற முறையை அவர் விடவில்லை. புதிதாகச் செய்தது வேறு. இங்கிலாந்து முறையில், புகை படாமல் சூடான காற்றால் மட்டும் உலர்த்திய வெளிர் மால்ட்டை எடுத்துக்கொண்டார். சாட்டெட்ஸ் ஊர் ஹாப்ஸ், பில்சனின் மென்மையான தண்ணீர், கீழே தங்கும் பவேரிய ஈஸ்ட். சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் பழுப்பாகக் குடித்துக்கொண்டிருந்தபோது இங்கே பொன்னிறத்தில் வந்தது.

இன்றைக்கு மால்ட் அவ்வளவு சீராக இருக்கிறது (எங்களால்தான்!) என்பதால், பிரித்துக் கொதிக்கவைக்காமலே மாவு முழுக்க மாறிவிடும். நிறைய ஆலைகள் நீங்கள் சொன்ன நீராவி வழிக்கே போய்விட்டன. பிறகு ஏன் இவர்கள் விடவில்லை என்றால் ருசிக்காக. நேரடித் தீயில் கெட்டிக் கூழ் கொதிக்கும்போது ரொட்டியின் மேல்தோல் மணம் கொஞ்சம் ஏறும், நிறமும் ஒரு சாயல் ஏறும். கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் வித்தியாசம் தெரியாது என்று என் ஆய்வகத்திலேயே இருவர் சண்டைக்கு வருவார்கள். எனக்குத் தெரியும்.

12 என்பது ஆல்கஹால் இல்லை. புளிக்க வைப்பதற்கு முன் 100 கிராம் இனிப்பு நீரில் 12 கிராம் சத்து, பெரும்பாலும் சர்க்கரை, கரைந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கணக்கை உருவாக்கிய பாலிங் பிராகாவில் பேராசிரியராக இருந்தவர். அதில் ஒரு பகுதியைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலாக்கும். நீங்கள் பாதியில் வைத்தது உர்க்வெல் என்றால் 4.4 சதவீதம்தான். பாவம், நல்ல பீர்.

மரப் பீப்பாய்க்கு உள்பக்கம் பிசின் உருக்கிப் பூசியிருப்பார்கள். பீர் மரத்தைத் தொடுவதே இல்லை.

ஐந்து லிட்டர்:

மால்ட்டுக்காரி அக்கா எழுதியதை மூன்று தடவை படித்தேன். நான் இங்கிலாந்தில் டார்பியில் இருக்கிறேன். இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் செய்ய 1963இலிருந்து உரிமம் தேவையில்லை. சமையலறையில் ஐந்து லிட்டர் கணக்கில் செய்கிறேன். பெயருக்குக் காரணம் அதுதான்.

முதலில் ஒரு விஷயம். ஊரில் யாரிடமாவது பீர் காய்ச்சுகிறேன் என்று சொன்னால், சாராயம் மாதிரி அடுப்பில் வடிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே காய்ச்சுவது புளிக்க வைப்பதற்கு முன்னால். கூழை வடிகட்டினால் வருவது வெறும் இனிப்பு நீர். அதில் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்து வைத்துக் கொதிக்கவிட வேண்டும். மூடி போடக்கூடாது. வெளிர் மால்ட்டிலிருந்து வேகவைத்த மக்காச்சோள வாசனை ஒன்று கிளம்பும், அது ஆவியோடு போய்விட வேண்டும். ஹாப்ஸ் முதலில் போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் மணம். கறிவேப்பிலையை எப்போது போடுகிறோம் என்பது மாதிரி. அப்புறம் சீக்கிரம் ஆறவைத்து ஈஸ்ட் போட வேண்டும். ஆல்கஹால் அதற்குப் பிறகுதான் வருகிறது, அடுப்புக்கு அங்கே வேலை இல்லை.

நானும் பில்ஸ்னர் செய்ய ஆசைப்பட்டேன். கூழில் ஒரு பங்கை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு, தொலைபேசியில் பேசப் போனேன். திரும்பி வந்தால் அடிப்பிடித்த பாயச வாசனை. அந்தப் பீர் கடைசிவரை அப்படியே இருந்தது. அடுத்த தடவை விடாமல் கிளறினேன். அது கசப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு, வாய் துவர்த்து வந்தது. காரணம் தண்ணீர். எங்கள் வீட்டுக் கெட்டிலில் மாதம் ஒரு தடவை வெள்ளைப் படிவத்தைச் சுரண்ட வேண்டும். அப்படிப்பட்ட தண்ணீர், வெளிர் மால்ட்டின் உமியிலிருந்து துவர்ப்பை இழுத்துவிடும். பக்கத்தில் இருக்கும் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைத் தூக்கிக் கொடுக்கும் என்பதால், 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் பேல் ஏல் என்ற வெளிர் நிற பீருக்குப் பெயர் வாங்கியது. அந்தத் தண்ணீரில் பில்ஸ்னரும் பில்சன் தண்ணீரில் பர்ட்டன் ஏலும் செய்தால் இரண்டும் சொதப்பும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். புளிப்பு முடிவதற்குள் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்து, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையும் சேர்த்துவிட்டேன். மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன். நள்ளிரவில் ஒன்று வெடித்தது, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. மனைவி போலீஸைக் கூப்பிடப் போய்விட்டாள். இப்போது அடர்த்திமானியில் மூன்று நாள் ஒரே எண் வந்தால்தான் அடைப்பேன்.

சும்மா வந்தேன்:

சரி, விளம்பரம் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அக்கா, அப்படியானால் முளைகட்டிய கேழ்வரகிலும் பீர் செய்யலாமா? வீட்டில் இரண்டு கிலோ இருக்கிறது.

மால்ட்டுக்காரி:

செய்யலாம். நேபாளத்திலும் சிக்கிமிலும் தோங்பா என்று கேழ்வரகைப் புளிக்கவைத்து, வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுகிறார்கள். அங்கே முளைகட்டுவதில்லை, சிறுதானியத்தை வேகவைத்து, பூஞ்சையும் ஈஸ்ட்டும் சேர்ந்த ஒரு உருண்டையைப் பொடித்துத் தூவுவார்கள். மாவை வெட்டுகிற வேலையைப் பூஞ்சை பார்த்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம்.

கோவைக்காரன்:

அக்கா, மிக்க நன்றி. ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறது. 37 டிகிரியில் இரண்டு பங்கு, 100 டிகிரியில் ஒரு பங்கு. கலந்தால் 58 வர வேண்டும். நீங்கள் 52 என்கிறீர்கள். ஆறு டிகிரி எங்கே போனது?

மால்ட்டுக்காரி:

பம்ப்காரர் என்று நிரூபித்துவிட்டீர்கள். கொதிக்கப் போனது கெட்டி. தண்ணீரைவிட தானியம் குறைவான வெப்பத்தையே சுமக்கும், அதனால் அதே மூன்றில் ஒரு பங்குக்கு வலு குறைவு. மீதி, குழாயிலும் பாத்திரத்தின் சுவரிலும் போகிறது. ஒவ்வொரு ஆலையிலும் இந்த இழப்பு வேறு, அதனால்தான் ஒரு ஆலைக்காரர் இன்னொரு ஆலைக்குப் போனால் முதல் சில தடவை தடுமாறுவார்.

நம்பிக்கை வர வேண்டும் என்றால் அறையிலேயே செய்து பாருங்கள். வீட்டு பீர் சாமான் விற்கும் கடையில் பில்ஸ்னர் மால்ட் 200 கிராம் வாங்கி, மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். சமையல் வெப்பமானி ஒன்றும், மருந்துக் கடையில் அயோடினும் வாங்குங்கள். மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும், இல்லாவிட்டால் தன் மஞ்சள் பழுப்பிலேயே நிற்கும். சொட்டை வெள்ளைத் தட்டில் எடுத்துச் சோதியுங்கள், சோதித்ததை வாயில் வைக்காதீர்கள்.

கோவைக்காரன்:

சனிக்கிழமை செய்தேன். நாலு தெர்மாஸ், எல்லாம் 65 டிகிரி, ஒரு மணி நேரம்.

முதலாவதில் சூப்பர் மார்க்கெட் பார்லியை அரைத்துப் போட்டேன். கருநீலம். இரண்டாவதில் மால்ட். நிறம் மாறவே இல்லை, நாக்கில் வைத்தால் கரும்புச் சாறு மாதிரி இனிப்பு. மூன்றாவதில் முதலிலேயே பத்து நிமிடம் கொதிக்கவைத்த மால்ட். கருநீலம், இனிப்பு சுமார்தான். ஆக நான் சந்தேகப்பட்டது சரி, கொதித்தால் செத்துத்தான் போகிறது.

நாலாவது, அக்கா சொன்னதிலிருந்து நானே யோசித்தது. அம்மா வைப்பது மாதிரியே பார்லிக் கஞ்சி வைத்து, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, கொதிக்காத மால்ட் மாவு இரண்டு கரண்டி போட்டேன். இருபது நிமிடத்தில் கரண்டி நிற்கிற கஞ்சி தண்ணீராக ஓடியது. ஒரு மணி நேரத்தில் அயோடின் நிறம் மாறவில்லை. இனித்தது.

அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன். "இதுக்கா செக் நாட்டுக்குப் போன, உனக்கு ஆறு மாசத்துல நான் கொடுத்த கேவுருக் கஞ்சியும் இப்படித்தான் ஓடும்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தெர்மாஸைக் கழுவி வைக்கச் சொன்னார், அடியில் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டார் போல.